பம்பு நின்ற ஊரில் இருக்கும் மகளுக்கு

பல்லடம்,
தை மாதம் 9ஆம் நாள்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி மலாவியிலிருந்து நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. "பம்பு நின்னு 12 நாள் ஆச்சுப்பா" என்றாய். "நானே" என்று எதையோ ஆரம்பித்தாய், அதோடு லைன் போய்விட்டது. காலையில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் நாலு தடவை போட்டுக் கேட்டோம். சிக்னலுக்காகக் குன்றின் மேல் ஏறி நின்று பேசுகிறாய் என்று உன் மூச்சிலேயே தெரிந்தது. இதற்குப் பதிலை வாயால் சொல்ல எனக்கு வராது. உட்கார்ந்து எழுதினால்தான் கோர்வையாக வரும். எழுதி முடித்ததும் தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கீழே இறங்கி, உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

பம்பு நின்றதால் ஊரே எடுத்துக் குடிக்கிற அந்த ஓடைத் தண்ணீரை நீ மட்டும் காய்ச்சிக் குடித்தால் போதாது. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் என்றால், மேட்டில் இருக்கும் ஊர்களின் அழுக்கெல்லாம் கலந்து வருகிற தண்ணீர். 2022, 2023இல் மலாவியில் காலரா பரவி 1,700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நீ கிளம்புவதற்கு முன்னால் நான் தேடிப் படித்த முதல் விஷயமே அதுதான். சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. சுகாதார நிலையத்தில் குளோரின் கேட்டு வாங்கி வீட்டுக்கு வீடு கொடுக்கச் சொல். அவர்கள் ஊருக்கு வர நாளாகும் என்றால் நீங்களே போய் வாங்கி வாருங்கள். யாருக்காவது பேதி தொடங்கினால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அரிசிக் கஞ்சித் தண்ணீர் மாதிரி போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஊரில் அப்படி ஒரு ஆள் விழுந்துவிட்டால், நான் கீழே எழுதப்போகிற எதையும் பார்க்காதே. யார் காசு, யார் கை என்று யோசிக்காமல் அன்றைக்கே பம்பைச் சரி பண்ணு.

அப்படி யாரும் விழவில்லை என்று மெசேஜில் சொன்னாய். அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

நீ கேட்டது இது: "என்கிட்ட சேர்த்து வச்ச படிக்காசு இருக்கு. சாமான் வாங்கி நானே கழட்டி மாட்டிடுவேன். ரெண்டு மணி நேர வேலைதான். பண்ணிடட்டுமாப்பா?"

உன்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு வயதில் என் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த பிள்ளை நீ. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அஃப்ரிடெவ் பம்பு. நான் வேலை பார்த்த பம்புக்கு அதைத் தங்கச்சி என்றே சொல்லலாம். இந்தக் கதையை உனக்கு முழுதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

நம் ஊர் அடிபம்பு, அந்த இந்தியா மார்க் 2, முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது நம் கோவை வட்டாரக் கிராமங்களில்தான். 1970களின் நடுவில். இங்கே தண்ணீர் ஆழம், பாறை கடினம், ஒரு பம்பை ஆயிரம் பேர் விடிய விடிய அடிப்பார்கள். இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1977இல் மெட்ராஸில் உற்பத்தி தொடங்கி, அப்புறம் நாடு முழுக்கப் போனது. தாங்கவும் தாங்கியது. ஆனால் அடியில் ஒரு வாஷர் தேய்ந்தால்கூட மொத்தக் குழாயையும் மேலே எடுக்க வேண்டும். மூன்று மீட்டர் இரும்புக் குழாய்கள், ஒன்றோடு ஒன்று முறுக்கியது. முக்காலி நட்டு, கிளாம்ப் போட்டு, நாலு ஆள் சேர்ந்து இழுக்க வேண்டும். கிளாம்ப் வழுக்கினால் மொத்தக் குழாயும் ஆழ்துளைக்குள் போய்விடும். அதற்குப் பயந்து வேனும் ஆளும் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். வேன் வர ஒரு மாதமும் ஆகும்.

அதனால் 1980களில் மறுபடியும் நம் கோவைப் பக்கமே சோதனை நடந்தது. குழாயை அகலமாக்கினால், குழாயை எடுக்காமலே உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கலாமே என்று. அதுதான் மார்க் 3. அதே காலத்தில், அதே யோசனையில், மலாவியிலும் கென்யாவிலும் வேறு சிலர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததுதான் உன் ஊரில் நிற்கிற பம்பு. நீ இருக்கிற என்ச்சேயு மாவட்டத்திலேயே லிவுலெசி பள்ளத்தாக்கில்தான் அதற்கு அடித்தளம் போட்ட வேலை நடந்தது. ஊர்க்காரர்களே, அதிலும் பெண்களே, ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துக் கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பம்பை உருவாக்கினார்கள். கண்ணு, இதை நீ மறந்துவிடக் கூடாது. அதன் உடம்பில் எங்கேயாவது இந்தியா என்று பொறித்திருக்கிறதா பார். அந்தப் பம்பு நம் நாட்டிலும் நிறையத் தயாராகி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது.

இப்போது பம்புக்கு என்ன நோய் என்று பார். கைப்பிடி எடையே இல்லாமல் லொடலொடவென்று ஏறி இறங்கினால், உள்ளே பிஸ்டனை இழுக்கிற ராடு கழன்றிருக்கிறது, இல்லை ஒடிந்திருக்கிறது. கைப்பிடி கனமாகவே இருந்து, ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடியும் அத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் அடி வால்வு ஒழுகுகிறது. தண்ணீர் உடனே வந்தாலும் ஒல்லியாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்திருக்கிறது. நீ சொன்னதைப் பார்த்தால் முதலில் ஒல்லியாகி, பிறகு வெகு நேரம் அடிக்க வேண்டியதாகி, கடைசியில் நின்றிருக்கிறது. யு-சீலும், அடி வால்வின் ஓ-ரிங்கும் போயிருக்கும். இரண்டும் ரப்பர்த் துண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அவ்வளவு சின்னச் சாமானுக்காக 12 நாளாக அந்தப் பெண்கள் 20 லிட்டர் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு 40 நிமிடம் நடக்கிறார்கள். உனக்கு மனசு துடிப்பது நியாயம். எனக்கும் துடிக்கிறது.

ஆனாலும் அந்த ஸ்பேனரை நீ பிடிக்காதே என்றுதான் சொல்லப்போகிறேன். ஏன் என்று சொல்ல, என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் சொன்னதில்லை.

1987. நான் யூனியனில் பம்பு மெக்கானிக்காகச் சேர்ந்து ஆறு வருஷம். அப்போது நம் மாநிலத்தில் மூன்றடுக்கு முறை என்று ஒன்று இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் தொடங்கி எல்லா மாவட்டத்துக்கும் வந்த ஏற்பாடு. ஊரில் ஒரு காவலர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வேனோடு ஒரு குழு. ஊர்க் காவலருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் விலாசம் எழுதிய தபால் கார்டுகளும் கொடுப்போம். பம்பு நின்றால் கார்டைப் பெட்டியில் போட வேண்டும். கார்டு வந்தால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஒரு ஊரில் காலனியில் ஒரு பம்பு. அதைப் பார்த்துக்கொள்ள எஸ்எஸ்எல்சி படித்த ஒரு பையனை வைத்திருந்தோம். படித்த பையன், ஆண் பிள்ளை, கார்டு எழுதுவான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பம்புக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு அம்மா இருந்தார். காட்டு வேலைக்குப் போகிறவர். நான் போகும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள், "சத்தம் மாறியிருச்சுங்க தம்பி. செயினு காஞ்சு கெடக்குதுங்க. அந்த மூடியக் கழட்டறது எப்படின்னு எனக்கும் காட்டுங்க, மசகு நானே போட்டுக்கறேன்" என்றார். நான் சிரித்தேன் கண்ணு. "உங்களுக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, மூடியைக் கழற்றி, நானே கிரீஸ் போட்டு, நானே மூடிவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி. செயின் காய்ந்துதான் கிடந்தது. கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். அது என் புத்தியில் ஏறவில்லை. வேலையை முடித்துக் கொடுத்தோம், எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், மோர் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நாலைந்து மாதத்தில் அந்தப் பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஸ்பேனரும் கார்டும் அவன் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. மறுபடியும் செயின் காய்ந்து அறுந்துவிட்டது. எனக்குத் தகவல் வர 41 நாள் ஆனது. ஊர்க்கிணறு இருந்ததே என்று நீ கேட்கலாம். காலனி ஆட்களை அந்தக் கிணற்றில் இறைக்க விடமாட்டார்கள். 41 நாளும் பாறைக்குழித் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் பேரனுக்குக் கழிச்சல் கண்டு, பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தான். நான் பம்பைச் சரி பண்ணப் போன அன்றைக்குத்தான் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். குழந்தையின் கழுத்து நிற்கவில்லை. என்னை அவர் திட்டவில்லை. "வந்துட்டீங்களா தம்பி" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்தேன். மூடியைக் கழற்றுவது, போல்ட்டுகளை முடுக்குவது, செயினுக்கு கிரீஸ் தடவுவது, கைப்பிடி ஆடுகிறதா என்று பார்ப்பது. ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தப் பம்பை அவர்தான் பார்த்துக்கொண்டார். சேலையில் செருகின ஸ்பேனரோடுதான் காட்டு வேலைக்கே போவார். அவர் பார்த்துக்கொண்ட வரைக்கும் அந்தப் பம்பு சேர்ந்தாற்போல் மூன்று நாள் நின்றதில்லை. ஆபீஸ் பதிவேட்டில் கடைசிவரைக்கும் அந்தப் பையன் பெயர்தான் இருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், மாற்றவில்லை. ஓய்வு பெறுவதற்குள் இன்னும் ஆறு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அந்த 41 நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கெட்டுவிடும்.

அதனால்தான் சொல்கிறேன் சாமி. உனக்கு அங்கே இன்னும் எட்டு மாதம். நீ விமானம் ஏறின பிறகு அந்தப் பம்பு ஒரு நாள் நிற்கும். ரப்பர் என்றால் தேயத்தான் செய்யும். அன்றைக்கு யார் கை போய் ஸ்பேனரை எடுக்கும்? இப்போது நீ செய்யப்போகிற வேலையை அந்த நாளை மனசில் வைத்துச் செய்.

உன் ஊரிலும் தண்ணீர்க் குழு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தலைவர், பொருளாளர் எல்லாம் இருக்கிறார்கள், கூட்டம்தான் நடப்பதில்லை என்றாய். கூட்டு. மர நிழலில் கூப்பிட்டு உட்கார். யார் வந்தார்கள் என்று பார்ப்பதோடு யார் வரவில்லை என்றும் பார். எந்த வீட்டுப் பெண் தூரத்திலேயே நின்று கேட்கிறாள் என்று பார். நம் ஊரில் அது காலனி. உன் ஊரில் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், பம்பின் சத்தம் எந்த நாளில் மாறியது என்று பெண்களிடம் கேள். சரியாகச் சொல்கிற ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவளைப் பக்கத்தில் உட்கார வை.

அந்தப் பகுதிக்கு ஏரியா மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கூலி கேட்கிறார் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாய். அந்தக் கோபம் வேண்டாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். சைக்கிளில் பத்துப் பதினைந்து ஊர் சுற்றுகிறவர் கூலி கேட்காமல் என்ன செய்வார்? நீ இலவசமாகக் கழற்றி மாட்டிவிட்டால், அடுத்த ஊர்க்காரர்களும் அவருக்குக் காசு கொடுக்கமாட்டார்கள். நீ வந்தபிறகு அவர் தொழிலை விட்டுவிடுவார். அப்புறம் அந்த வட்டாரத்துக்கே மெக்கானிக் இருக்கமாட்டார். அவரைக் கூப்பிடு. அவர் செய்யட்டும், ஊர்ப் பெண்கள் கை கொடுக்கட்டும், கழற்றித் தருகிற ராடை நீ கையில் வாங்கி வை.

காசுக்கு என்ன பண்ணுவது என்பாய். இது தை. இங்கே தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். அங்கே மக்காச்சோளம் இப்போதுதான் தோள் உயரம் நிற்கிறது, அறுவடை ஏப்ரல், மே மாதத்தில். போன வருஷத்து மாவு எல்லார் வீட்டிலும் தீர்ந்திருக்கும். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மாம்பழத்தைத் தின்று படுக்கிற மாதத்தில் பம்புக்கு வரி கேட்டால் யார் கொடுப்பார்கள்? கொடுக்கவில்லை என்பதற்காக அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதே. உன் காசைத் தானமாகக் கொடுக்காமல் கடனாகக் கொடு. எல்லார் முன்னாலும், குழுவின் நோட்டில் எழுதி, பொருளாளர் கையில் கொடு. அறுவடையானதும் வீட்டுக்கு இத்தனை படி சோளம் என்று வசூலித்து, விற்று, உனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல். திருப்பிக் கொடுக்கும்போது கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதே. கைநீட்டி வாங்கிக்கொள். அந்தக் காசில் இன்னொரு செட் சீலும் ஓ-ரிங்கும் புஷ்ஷும் வாங்கி, ஊரிலேயே ஒருத்தர் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வா.

வேலை நடக்கும்போது இரண்டு மூன்று விஷயம் கவனி. ராடுகளை மண்ணில் சாய்க்க விடாதே. செங்கல் அடுக்கி, பாய் விரித்து அதன்மேல் வைக்கச் சொல். ஒரு சிட்டிகை மணல் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் புது சீலையும் அறுத்துவிடும். யு-சீலை மாட்டும்போது கிண்ணம் மேலே பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் தண்ணீர் ஏறவே ஏறாது. நான் பார்த்த பழைய தோல் வாஷரிலும் இதே தப்பைத்தான் எல்லாரும் செய்வார்கள். முடித்ததும் உள்ளே குளோரின் கரைசல் ஊற்றி, சொன்ன நேரம் விட்டு, வாசனை போகிற வரைக்கும் அடித்து வெளியே ஊற்றச் சொல். அதற்கப்புறம்தான் குடம் வைக்கலாம். அங்கே குடம் இல்லை, வாளி.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த மார்க் 3 சோதனை நடந்தபோது ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் நம் பக்கத்து ஊருக்கு வருவார். பெயர் மறந்துவிட்டது. பம்புக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு நோட்டோடு உட்காருவார். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டார். யார் வந்தார்கள், எத்தனை அடி அடித்தார்கள், எந்தக் கையால் அடித்தார்கள், சின்னப் பிள்ளைகள் கைப்பிடியில் எப்படித் தொங்கினார்கள் என்று எல்லாம் எழுதுவார். எங்களுக்கு எந்த உத்தரவும் போட்டதில்லை. ஒரு பாட்டியிடம், கைப்பிடி எவ்வளவு நீளம் இருந்தால் தோள் வலிக்காது என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். அந்தப் பாட்டியிடம் அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தக் கிழவி முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரைப் பார்த்துத்தான். நீ ஒரு நாளாவது அப்படி உட்கார்.

உன்னை எல்லாரும் "ம்வென்யே" என்று கூப்பிடுகிறார்கள், இந்தியர் என்று அர்த்தமாம், கடை வைக்க வந்தாயா என்று கேட்கிறார்கள் என்று வருத்தப்பட்டாய். வருத்தப்படாதே. அந்த நாட்டில் நம் சாடை உள்ளவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள். 1970களில் அப்போதைய அதிபர் பண்டாவின் ஆட்சியில் அவர்களையெல்லாம் கிராமங்களிலிருந்து நகரங்களுக்குப் போகச் செய்தார்கள். உன் வயதுப் பிள்ளைகள் நம் முகத்தை கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் பார்த்திருப்பார்கள். நீ அவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து ன்சிமா என்கிற அந்த மக்காச்சோளக் களியைக் கையால் பிசைந்து தின்னும்போது அவர்களே உன்னை வேறு பெயரில் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு கிழவி உன்னை மகளே என்று கூப்பிட்டாள் என்று எழுதினாயே, அது தொடங்கிவிட்டது.

அங்கே அம்மாவை "அமாயி" என்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாயி எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எம்பட பேத்தி போன ஊர்லயும் அம்மாயிதானாம்" என்று. ன்சிமா என்பது களிதான் என்று சொன்னதும் அவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. நானும் ஒன்று சொன்னேன். நம் ராகியே ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்த பயிர்தான் என்று. நம்பவில்லை. "நம்ம ராயி எப்படி அங்கிருந்து வரும்" என்று சண்டைக்கு வந்தார். நீ வந்து சொன்னால் நம்புவார். கீரையில் நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைக்கிறார்கள் என்றாயே, அதை மட்டும் அம்மா செய்து பார்த்தாள். நன்றாக இருந்தது.

நீ போன முதல் வாரத்தில் உனக்கு ஒரு கோழி கொடுத்தார்கள் என்றாய். பசி மாதத்தில் ஒரு கோழி என்பது சின்ன விஷயமில்லை கண்ணு. திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டது நல்லது. ஆனால் அந்த வீட்டுக்கு அடுத்த முறை வெறுங்கையோடு போகாதே. சோப்பு, உப்பு, சர்க்கரை, எது முடிகிறதோ அதைக் கொண்டுபோ. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பதற்கு அவர்கள் சொல்கிற "ஓடி" என்ற சொல்லால் குரல் கொடுத்து, உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகு போ. ஊரில் சாவு விழுந்தால் உன் வேலை எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டுப் போய் உட்கார். மொழி தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திரு. நம் ஊரிலும் கல்யாணத்துக்கு வராதவனை மன்னிப்பார்கள், எழவுக்கு வராதவனை மன்னிக்கமாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான் இருக்கிறது என்பது நீ எழுதியதிலிருந்தே புரிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படு. காய்ச்சல் வந்தால் மழையில் நனைந்ததால் வந்தது என்று இருந்துவிடாதே. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள். தலையில் வாளி தூக்கிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது என்றாயே, அந்தப் பெண்கள் ஐந்து வயதிலிருந்து தூக்குகிறார்கள். நீ இடுப்பில் வைத்துக்கொள், அதில் நமக்குப் பழக்கம் உண்டு.

பொங்கலுக்கு நீ இல்லாதது வீடு முழுக்கத் தெரிந்தது. அம்மா உன் பங்குக்கு ஒரு கரும்பை எடுத்து மூலையில் சாத்தி வைத்திருக்கிறாள். காயும் என்று தெரிந்தும் வைத்திருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கிளம்பும்போது ஏர்போர்ட்டில் நான் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு ஒரு குறை இருக்கும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் இந்தப் பெண் இப்படிப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது நானும் பதில் சொல்லாமல் இருந்தேன். அது சம்மதம் இல்லாததால் இல்லை. நான் சைக்கிளில் போய்வந்த அதே வேலைக்கு நீ கடல் தாண்டிப் போகிறாய் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது எழுதும்போதுகூட அப்படித்தான் இருக்கிறது.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். மெக்கானிக் வந்து முடித்த பிறகு, அந்தப் பெண்களில் ஒருத்தியை அடிக்கச் சொல்லி, போனைப் பம்புத் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய். ஒரு நிமிடம், நாற்பது அடி. எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்று எண்ணிச் சொல். அன்றைக்கு ஒரு தடவை, ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் விடியற்காலையில் யாரும் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை. இரண்டையும் அனுப்பு. உனக்கும் எனக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். நீ எந்த நேரத்தில் குன்று ஏறினாலும் நான் போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா